மைக் பிடித்த கை

மாதவராஜுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. அவனைத் திட்டி ஒரு பாட்டு வந்திருந்தது. வந்ததுகூடப் பரவாயில்லை, அந்தப் பாட்டை அவனேதான் ஊர் ஊராகப் போய்ப் போட வேண்டியிருந்தது.

கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் போகிற வழியில் ஒரு சிற்றூர் அவனுடையது. காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில் பண்டிகை எதுவானாலும் அந்தப் பக்கத்தில் அவனுடைய மைக்செட்தான். சாப்பாட்டுப் பந்தி பாதி நடக்கும்போது யாராவது கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அண்ணா, அந்தப் பாட்டைப் போடுங்கண்ணா" என்பார்கள். எந்தப் பாட்டு என்று அவன் கேட்பதில்லை.

மைக்செட்டுக்காரா மைக்செட்டுக்காரா
ஊருக்கெல்லாம் சத்தம் போட்ட
வரேன்னு சொன்ன வார்த்தைக்கு மட்டும்
வாயை ஏன்டா மூடிக்கிட்ட

டிரம்ஸ் இடிக்கும். நடுவே ரயில் ஊதும். ஊதும்போது எல்லோரும் சேர்ந்து கூவுவார்கள். பந்தலில் மாதவராஜைத் தெரிந்தவர்கள் அவன் பக்கம் திரும்பிப் பார்த்துக் கூவுவார்கள். அவன் மிக்சரில் குனிந்து பேஸைக் கொஞ்சம் குறைப்பான். அப்போதுதான் பாடுகிறவளின் குரல் தெளிவாகக் கேட்கும்.

"திட்டறது நல்லாக் கேக்கணும்னு திருகறயா மாதவா?" என்று யாராவது சீண்டுவார்கள்.

"தொண்டை நோவப் பாடியிருக்குதுங்க. கேட்டுட்டுப் போவட்டும்" என்பான் அவன்.

பாடியவள் கலைமதி. அதே ஊர்ப் பெண். தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, தானே பாடுகிறவள். கோயில் பண்டிகைகளில் முதன்முதலாக அவள் கையில் மைக்கைக் கொடுத்தவன் மாதவராஜ்தான். அவள் சென்னைக்குக் கிளம்பிய நாளில் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வருவதாகவும், ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருப்பதாகவும் அவன் சொல்லியிருந்தான். என்ன விஷயம் என்று அவளுக்கும் ஏறக்குறைய தெரியும். ரயில் வந்தது, அவன் வரவில்லை. பிறகு அவன் போன் செய்தபோது அவள் எடுக்கவில்லை. கோபத்தை அப்படியே மெட்டாக்கினாள். அந்த ஒரே பாட்டில் அவள் பெயர் தெரிந்துவிட்டது. அவன் பெயர் பாட்டில் இல்லை என்றாலும் மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

காலம் இருவருடைய காயத்தையும் ஆற்றியிருந்தது. அவளுக்கு இப்போது அவன்மேல் காதலும் இல்லை, கோபமும் இல்லை. அவனுக்கோ, சமீப காலமாகப் பென்னாகரத்தில் அடிக்கடி தலை வலித்தது. கம்பைநல்லூரிலேயே கிடைக்கிற மாத்திரையை வாங்க அவன் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனான். அங்கே மெடிக்கலில் வேலை செய்கிற அன்பரசி ஒரு கல்யாணத்தில் அவனிடம் வந்து, "கொழந்த தூங்குதுங்க, கொஞ்சம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவன் சத்தத்தைக் குறைத்ததோடு நிற்காமல், அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் பாக்ஸைத் தூக்கி வேறு பக்கம் திருப்பி வைத்தான். அவள் அதைக் கவனித்தாள். அவள் கவனித்ததை இவன் கவனித்தான். தலைவலி அன்றைக்கு ஆரம்பித்தது.

பெண் கேட்டுப் போனார்கள். அன்பரசியின் அப்பா கிருஷ்ணப்பன் மரியாதையாகத் தேநீர் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஸ்டேஷன்ல ஒரு பொண்ணை நிக்க வெச்சுட்டுப் போகாம இருந்தது நீங்கதானுங்களா தம்பி?"

மாதவராஜ் பொய் சொல்லத் தெரியாதவன். "ஆமாங்க" என்றான். காரணத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து யாரோ ஒரு குழந்தை, "மைக்செட்டுக்காரா" என்று பாட ஆரம்பித்துவிட்டது. அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. பாட்டில் சொன்னது அப்படியே நடந்தது.

"வார்த்தை நிக்காத வூட்டுக்குப் பொண்ணைக் குடுக்க மனசு வரலீங்க" என்று கிருஷ்ணப்பன் சொல்லியனுப்பினார்.

*

மாரியம்மன் பண்டிகைக்கு முன்னால் கலைமதி ஊருக்கு வந்தாள். தோளில் ஒரு கிடார். புதிய ஆல்பம் ஏறக்குறைய முடிந்திருந்தது; கடைசிப் பாட்டு மட்டும் கைகூடாமல் நின்றது. இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் இல்லை, கம்ப்யூட்டர் சத்தம் இல்லை. ஒரு மரக் கிடாரும் அவள் குரலும் மட்டும்தான்.

முடிந்த பாட்டுகளை அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் கண்ணு, அங்க நேரத்துக்குச் சாப்புடறதில்லையா?" என்றாள்.

"சாப்புடறனேம்மா."

"அப்பறம் ஏன் குரல் இப்பிடிச் சோந்து போயிருக்குது? மொதப் பாட்டுல என்னா தெம்பு!"

"இது சோர்வு இல்லம்மா. மெதுவாப் பாடறேன்."

"மேளம் அடிக்கறவங்க லீவா?"

இந்த நேரத்தில்தான் மாதவராஜின் அம்மா செல்லம்மாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. சண்டை போட வந்தவள் உட்கார்ந்தால் சண்டை கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏ புள்ள கலைமதி, உனக்கு என்னம்மா, பாடிட்டு ரயிலேறிட்ட. எம் பையன் டீ குடிக்கப் போனாக்கூட அந்தப் பாட்டைத்தான் போடறானுங்க. இப்போ பொண்ணும் போயிடும் போல இருக்குது."

விஷயம் முழுவதையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் கோபம் கரைந்து, கடைசியில் அவளே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கி அவன் காப்புக் கட்டியிருந்தான் கண்ணு. எல்லை தாண்டக் கூடாதில்ல. அதான் வல்ல."

அந்த ஊரில் பண்டிகைக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் கடைசியில் நடக்கும் மறுபூசை முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. பூசாரி முதல் பந்தல் போடுகிறவர்வரை அம்மனுக்கு வேலை செய்கிற எல்லோருக்கும் காப்பு உண்டு.

"அதை நானும் கேள்விப்பட்டேன் அத்தை. ஸ்டேஷனுக்கு வரேன்னு சொன்னவன் காப்புக் கட்டாம இருந்திருக்கலாமில்ல? கயிறு ஒரு சாக்குத்தான்" என்று சிரித்தாள் கலைமதி. சிரிப்பில் பழைய கசப்பு இல்லை என்றாலும் பழைய நம்பிக்கையின்மை இருந்தது. ஆனால் செல்லம்மாளின் முகத்தைப் பார்த்ததும் மனது இளகியது. "சரி விடுங்க. நாளிக்கே நான் பென்னாகரம் போறேன். அவங்க அப்பாகிட்ட நானே பேசறேன். போதுமா?"

"சத்தியமாவா?"

"வரேன்னா வருவேன் அத்தை. நான் என்ன உங்க பையனா?"

செல்லம்மாளுக்கு அடிப்பதா, அணைப்பதா என்று தெரியவில்லை. கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

*

மறுநாள் காலை கோயிலில் காப்புக் கட்டு. கலைமதி பென்னாகரம் போகிற வழியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தாள். மனதில் கடைசிப் பாட்டின் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெட்டு ஒரு இடத்தில் ஏறி, இறங்க வழி தெரியாமல் நின்றிருந்தது. அதை எப்படி இறக்குவது என்று யோசித்துக்கொண்டே வரிசையில் நின்றாள்.

"மாவிளக்கு அன்னிக்கி அம்மனுக்குப் பாடப்போற புள்ள. வா, கையை நீட்டு" என்றார் பூசாரி நஞ்சப்பன்.

அவள் நீட்டினாள்.

மஞ்சள் துண்டு கோத்த நூலை அவர் முடிச்சுப் போட்டுத் திருநீறு பூசினார். அவள் வெளியே வந்து, செருப்பைப் போட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று மணிக்கட்டைத் திருப்பினாள். வாட்ச்சுக்குப் பக்கத்தில் காப்பு இருந்தது.

ஓடிப்போய்ப் பூசாரி முன்னால் நின்றாள். "பூசாரியய்யா, இதை அவுத்துடுங்க. நான் பென்னாகரம் போவணும், சொல்லிட்டேன்."

"கட்டறதுதான் சாமி என் வேலை. அவுக்கறது மறுபூசைக்குத்தான்."

"தெரியாம நீட்டிட்டேங்க!"

நஞ்சப்பன் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "இதே எடத்துல, இதே மாதிரி நின்னுட்டு, மைக்செட் பையன் இதே வார்த்தையைத்தான் சொன்னான். மைக் ஒயரைப் பாத்துட்டே கையை நீட்டிட்டான். அப்பறம் அழாத கொறை. அறுத்துப் போட்டுட்டுப் போயிருக்கலாம், நூலுதானே. மனசு வல்ல அவனுக்கு. எல்லைக்கல்லு வரைக்கும் வண்டியை ஓட்டிட்டுப் போயி, அங்கயே நின்னான். ரயில் போற சத்தம் கேட்டப்பறம்தான் திரும்பி வந்து செட்டை ஆன் பண்ணான்."

எல்லைக்கல்லிலிருந்து, காற்று அந்தப் பக்கம் அடித்தால் மொரப்பூர் ரயில் சத்தம் கேட்கும். கலைமதி திட்டிக்கொண்டே போன அந்த ரயிலின் சத்தத்தை அவன் அங்கே நின்று கேட்டிருக்கிறான். அவள் சந்நிதியைப் பார்த்தாள். அம்மன் முகத்தில் எப்போதும் உள்ள புன்னகைதான் இருந்தது. அன்றைக்கு மட்டும் அது கொஞ்சம் கேலியாகத் தெரிந்தது.

வாசலில் செல்லம்மாள் பூக்கூடையோடு வந்துகொண்டிருந்தாள். கலைமதியின் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"வரேன்னா வருவியாமே?" என்றாள்.

"அத்தை, கொல்லாதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. எனக்குப் பாடத் தெரியாதே."

*

போக முடியாவிட்டால் போன் இருக்கிறது. கலைமதி கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டு, தன் கையில் காப்புக் கட்டிய கதையையும் மாதவராஜ் கையில் கட்டிய கதையையும் ஒளிக்காமல் சொன்னாள். மறுமுனையில் அவர் வெகுநேரம் 'ம்' கொட்டினார்.

"நல்லதுங்கம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. திட்டறதை ஊரே கேக்கப் பாடினீங்க. நல்லவன்னு சொல்றதை மட்டும் என் காதுல ரகசியமாச் சொல்றீங்களே. அது எப்பிடிங்க?"

அவர் சொன்னது நியாயம்தான் என்று கலைமதிக்குப் பட்டது. "மாவிளக்கு அன்னிக்கி எங்க ஊருக்கு வாங்க, குடும்பத்தோட. சாமி கும்பிட்ட மாதிரியும் இருக்கும்" என்றாள்.

"எம் பொண்ணு ரெண்டு நாளா அதைத்தான் சொல்லுது. உங்க ஊர் அம்மன்மேல அதுக்குத் திடீர்னு பக்தி வந்துருச்சு" என்றார் அவர்.

அன்று பகல் முழுக்க அவள் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நின்றுபோயிருந்த மெட்டு மெல்ல இறங்கி வந்தது. அது இறங்க வேண்டிய இடம் கோபம் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதனால்தான் வழி தெரியவில்லை. இடிக்கிற டிரம்ஸுக்குப் பின்னால் பாதி உண்மையை ஒளித்துவிடலாம். ஒற்றைக் கிடாருக்குப் பின்னால் ஒன்றையும் ஒளிக்க முடியாது.

*

மாவிளக்கு அன்று சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம் நிறைந்திருந்தது. கிருஷ்ணப்பன் மனைவியோடும் அன்பரசியோடும் வந்து வேப்பமரத்தடியில் நின்றார். செல்லம்மாள் அவர்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். அப்படி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, ஒரே பூத்தட்டை அவள் மூன்று முறை கோயிலுக்குள் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்ததில் தெரிந்தது.

கலைமதி மேடைக்கு வந்தாள். மாதவராஜ் ஒயரோடு வந்து கிடாரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"கலை, இதுல ஒயர் எங்க சொருவறது?"

"சொருவ முடியாது. இது வெறும் மரம். முன்னாடி ஒரு மைக் வை."

இருந்த இரண்டு ஸ்டாண்டில் ஒன்று அவள் வாய்க்கு. மற்றது குட்டையாக்கினால் நிற்காமல் சரிந்தது, திருகாணி தேய்ந்திருந்தது. அவன் துணி சுற்றிப் பார்த்தான், சணல் கட்டிப் பார்த்தான். மேடைக்குக் கீழே பையன்கள், "ஸ்டாண்டும் வரேன்னு சொல்லிட்டு வல்லியாண்ணா?" என்று கத்தினார்கள்.

"புதுப் பாட்டு" என்று கலைமதி மெல்லச் சொன்னாள். "உன்னைப் பத்திதான்."

அவன் முகம் சுருங்கிப்போனது. வேப்பமரத்தடியை ஒரு முறை பார்த்தான். அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் மிக்சர் இருந்தது. ஒரு குமிழைத் திருகினால் போதும், ஒயர் கோளாறு என்று சொன்னால் ஊரே நம்பும். "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டான்.

"கேட்டுட்டுச் சொல்லு. எக்கோ வேணாம். பேஸ் வேணாம். நான் மூச்சு விடறது கேட்டாலும் பரவால்ல."

அவன் சொன்னபடியே வைத்தான். பண்டிகை நிகழ்ச்சிகளை எப்போதும் பதிவு செய்கிற பென்டிரைவைச் செருகினான். பிறகு சரிந்த ஸ்டாண்டைத் தள்ளிவைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கிடாருக்கு நேரே மைக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டான். ஊர் முழுக்கப் பார்க்க, தன்னைப் பற்றி எது வரப்போகிறதோ அது நன்றாகக் கேட்கட்டும் என்று குனிந்திருந்தான்.

அவள் பாடினாள்.

ஸ்டேஷன்ல நின்னவ நான்
எல்லையில நின்னவன் நீ
ரயிலுக்கு என்ன தெரியும்
யாரு வராமப் போனதுன்னு

முதலில் கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "சவுண்டு வையிண்ணா!" என்று ஒருவர் கத்தினார். "செட்டு ரிப்பேரு" என்றார் இன்னொருவர். பின்னால் நின்றவர்கள் கேட்பதற்காக முன்னால் வந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பலூன்காரர்கூட ஊதலை வாயிலிருந்து எடுத்தார்.

மஞ்ச நூலு நூலுதான்
இழுத்தா அறுந்து போகும்
அறுக்காம நின்ன கையை
ஊர் கேக்கத் திட்டினேன்
இன்னிக்கி என் கையில அதே நூலு
அம்மன் சிரிக்கிறா, நானும்

அவள் காப்புக் கட்டிய கையைத் தூக்கிக் காட்டவில்லை. கிடார் தந்திமேல் அது அசைவதை எல்லோரும் பார்த்தார்கள். செல்லம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். யாரோ ஒரு பெரியவர் இருமினார். கோயில் மணி ஒரு முறை அடித்தது.

மாதவராஜ் அசையவில்லை. தன்னைப் பற்றிய பாட்டில் தனக்கு நல்ல பெயர் கிடைக்கிறது என்பது அவனுக்குக் கடைசி வரியில்தான் உறைத்தது. அப்போதும் அவன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் மைக் நகர்ந்துவிடும்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் எழுவதற்குள் அன்பரசி மேடை ஓரத்துக்கே வந்திருந்தாள். மைக் இன்னும் அவன் கையில் அதே உயரத்தில் நின்றது.

"கை வலிக்கலீங்களா?" என்றாள்.

மைக் ஆனில் இருந்தது. அந்தக் கேள்வி எல்லா பாக்ஸிலும் கேட்டது. அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பும் கைதட்டலும் எல்லைக்கல் வரைக்கும் போயிருக்கும்.

கிருஷ்ணப்பன் செல்லம்மாளிடம் வந்தார். "பையன் நிக்கறானுங்க" என்றார். "அன்னிக்கி எல்லையில. இன்னிக்கி மேடையில. நிக்கத் தெரிஞ்ச ஆளு எங்களுக்குப் போதுங்க. மறுபூசை முடிஞ்சு காப்பு அவுத்ததும் வூட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

"வரோங்க" என்றாள் செல்லம்மாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் சொன்னா வருவேனுங்க. இவனைத்தான், கெளம்பற அன்னிக்கி யாரும் கையை நீட்டச் சொல்லாம நான் பாத்துக்கறேன்."

*

ஆல்பம் வெளிவந்தது. கடைசிப் பாட்டை மட்டும் கலைமதி ஸ்டுடியோவில் மறுபடி பாடவில்லை. மாதவராஜின் பென்டிரைவில் இருந்ததை அப்படியே சேர்த்துவிட்டாள். இருமல், மணி, எல்லாம் அதில் உண்டு. பாட்டு முடிந்ததும், 'கை வலிக்கலீங்களா?' என்று ஒரு பெண் கேட்பதும் உண்டு. அதை வெட்டலாமா என்று சென்னையில் கேட்டார்கள். பாட்டே அதற்காகத்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். ஒலிப்பதிவு என்ற இடத்தில் மாதவராஜின் பெயர், முழுப் பெயராக, இருந்தது.

'கலைமதியின் இசை பக்குவப்பட்டிருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்ததைச் செல்லம்மாளுக்கு யாரோ படித்துக் காட்டினார்கள்.

"பக்குவமாவது ஒண்ணாவது" என்றாள் அவள். "எம் பையன் பேஸைக் கொறைச்சான். அதான்."

டீக்கடையில் இன்றும் மாதவராஜைச் சீண்டுகிறார்கள். கிளாஸை நீட்டிவிட்டு, "கை வலிக்கலீங்களாண்ணா?" என்கிறார்கள். அவன் காது சிவக்கச் சிரிக்கிறான். வைகாசியில் கல்யாணம். பென்னாகரத்துக்கு அடிக்கடி போகிறான்; மாத்திரை மட்டும் வாங்குவதில்லை. மனிதர்கள் கேலியை விடுவதில்லை. ஆனால் எதை வைத்துக் கேலி செய்வது என்பதை ஒரு நல்ல பாட்டு மாற்றிவிடுகிறது. மாரியம்மன் அந்த அளவுக்கு இரக்கமுள்ளவள்.

விசேஷ வீடுகளில் பந்தி பாதி நடக்கும்போது, கையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் வருவதும் நிற்கவில்லை.

"அண்ணா, அந்தப் பாட்டைப் போடுங்கண்ணா."

இப்போதெல்லாம் அவன் நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறான்: "எந்தப் பாட்டு?"